மருந்தென்று சொல்லியும்

786

கோட்டைமேடு, கோயமுத்தூர்
18-1-1960

அன்புள்ள அத்தா அவர்களுக்கு,

உங்கள் மகள் சாஜிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் இங்கே இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத மனம் வரவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது ரசாக் மாமாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாமா இருமினால் ஊதி அணைத்துவிடுவேன். அதனால் எழுத்து கோணலாக இருக்கும், கோபிக்காதீர்கள். நீங்கள் கோபிசெட்டிபாளையத்தில் பொங்கியண்ணன் மரப்பட்டறையில் பாலீஷ் வேலை செய்கிறீர்கள் என்று என்னோடு ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ராமாமணிதான் அவள் அப்பாவிடம் கேட்டு வந்து சொன்னாள். பதிலை அவள் வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். இந்த வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் மாமாதான் பிரிக்கிறார்.

மதுவிலக்குப் போலீசார் உங்களைப் பிடித்துக்கொண்டு போன பிறகு மாமா எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். வயிறு நிறையச் சோறு போடுகிறார். ஆனால் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் உங்களைப் பற்றித்தான் பேச்சு. நீங்கள் ஜெயிலிலிருந்து வந்ததும் இங்கே வராமல் கோபிக்குப் போனதில் அவருக்கு நிம்மதி. நேற்று அம்மாவிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாரு பாத்திமுத்து, நோன்புப் பெருநாளுக்குள்ள உம் புருசன் குடிய உட்டுப்போட்டு, நம்ம பள்ளிவாசல்ல ஜமாஅத்துக்கு முன்னால பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்யட்டும். நானே தனியா ஊடு பாத்துத் தாரேன். இல்லாட்டி தலாக்கு வாங்கிக்க. புள்ளைய ஸ்கூல்லருந்து நிறுத்தி எம் பையனுக்குக் கட்டி வெச்சுப்போடலாம்."

அம்மா தன் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். முடியாது என்றும் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அத்தா. நீங்கள் இன்னும் குடிக்கிறீர்களா? உண்மையை எழுதுங்கள்.

உங்கள் மகள்
சாஜிதா


கோபிசெட்டிபாளையம்
24-1-1960

என் கண்ணு சாஜிதாவுக்கு அத்தா யாகூப் எழுதியது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் எழுத்து கோணலாக இல்லை. கோணல் என்றால் என்னவென்று என் எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். ஐந்தாம் வகுப்போடு பட்டறைக்கு வந்தவன் நான்.

இங்கே ஒரு பண்ணையக்காரர் புது வீடு கட்டுகிறார். கதவு, சன்னல், கட்டில் எல்லாம் தேக்கு. பாலீஷ் முழுக்க என் பொறுப்பு. பொங்கியண்ணன் தங்கமான மனிதர். நான் தொழும்போது ரம்பத்தை நிறுத்தச் சொல்வார். முடித்து எழுந்தால், "ஏனுங்க பாய், நம்ம பட்டறைக்கும் ஒரு வார்த்தை சொன்னீங்களா, இல்ல உங்களுக்கு மட்டுந்தானா?" என்று கேலி செய்வார்.

உண்மையை எழுதச் சொன்னாய். குடிக்கிறேன் கண்ணு. முன்பு போல இல்லை. காலையில் கை நடுங்குகிறது. நடுங்கும் கையால் தேய்த்தால் பலகையில் கோடு விழுந்துவிடும். பாலீஷுக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நிற்கிறது. ஆசைக்குக் குடிக்கவில்லை. ஒரு மருந்து மாதிரி.

பெற்ற மகளுக்கு இதை எழுத வெட்கமாக இருக்கிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் கேட்டதாக நீ சொல்ல முடியாது. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அத்தா
யாகூப்


786

கோட்டைமேடு
29-1-1960

அன்புள்ள அத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டேன். ஆனால் அதில் இருந்த மருந்து என்ற சொல் எனக்குள் எரியாமல் இருக்கிறது.

உங்களுக்கு நினைவிருக்கும். வயிற்றுவலி என்று சொல்லி மருந்துக்கடையில் இஞ்சி டிங்சர் வாங்கி வர என்னைத்தான் அனுப்புவீர்கள். ஒரு பாட்டில் போதாது, இன்னொன்று வாங்கி வா என்பீர்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "அத்தாவுக்கு இன்னும் வயித்துவலி தீரலையா அம்மணி?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்திருக்கிறேன். அந்த டிங்சரிலும் போதை உண்டு என்று ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

குடி ஹராம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தந்தீர்கள். பிறகு வயிற்றுவலி என்றீர்கள். குளிர் என்றீர்கள். இப்போது கைநடுக்கம்.

அத்தா, எனக்காக ஒன்று செய்யுங்கள். அங்கே உள்ள பள்ளிவாசலில் குர்ஆன் மீது கை வைத்துச் சத்தியம் செய்யுங்கள். அதன் பிறகு பெருநாளுக்கு முன் இங்கே வந்து ஜமாஅத்துக்கு முன்னால் தவ்பா செய்யலாம். வார்த்தைகளை நானே எழுதித் தருகிறேன். மாற்றாமல் சொல்லுங்கள்.

'இனி உயிர் உள்ளவரை போதை தரும் எதையும் தொட மாட்டேன். மருந்தென்று சொல்லியும் தொட மாட்டேன். டாக்டரே கொடுத்தாலும் தொட மாட்டேன்.'

கடைசி வரிகளை விட்டுவிடாதீர்கள். நீங்கள் எப்போதும் தப்பிப் போவது அந்த வழியில்தான்.

அம்மாவுக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. சாப்பாடும் குறைவுதான். நீங்கள் கேட்டதைச் சொல்லவில்லை. ஆனால் அன்று அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.

உங்கள் மகள்
சாஜிதா


கோபிசெட்டிபாளையம்
9-2-1960

என் கண்ணுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைப் பார்த்த அன்று எழுதக் கை வரவில்லை. மருந்துக்கடையில் சிரித்தார்கள் என்று நீ அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் உன்னை அனுப்பித்தான் இருப்பேன். அதுவும் உண்மைதான்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சத்தியம் செய்கிறேன். இமாமிடம் சொல்லிவிட்டேன். உன் வார்த்தைகளைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். வேலை செய்துகொண்டே மனப்பாடம் செய்கிறேன். பொங்கியண்ணன் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னை ஒப்பிக்கச் சொல்கிறார். நேற்று ஒரு வரியை மறந்துவிட்டேன். "டாக்டரை உட்டுப்போட்டீங்களே பாய். பெஞ்சு மேல ஏறி நில்லுங்க" என்றார். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு.

இன்றே முழுதாக விட்டுவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். வெள்ளிக்குப் பிறகு ஒரு சொட்டும் இல்லை. நோன்புப் பிறை தெரிவதற்குள் கோயமுத்தூர் வந்துவிடுவேன். நீ எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும் வரை யாரும் உன் கல்யாணத்தைப் பற்றிப் பேச நான் விட மாட்டேன். இதற்குத் தனியாகச் சத்தியம் வேண்டுமா?

உன் அத்தா
யாகூப்


786

கோட்டைமேடு
13-2-1960

அன்புள்ள அத்தாவுக்கு,

நேற்று நீங்கள் சத்தியம் செய்திருப்பீர்கள். நான் சந்தோஷமாகத் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. காரணத்தை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இருமல் அதிகமாகி டாக்டரிடம் காட்டினார்கள். ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். அதில் ஸ்பிரிட் கலந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, மாமா அதை வாங்கவே இல்லை. நேற்று மாலை நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத் இந்த வீட்டுக்கு வந்திருந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"வேற மருந்து இருந்தா அதைக் குடுங்க," என்றார் ஹஜ்ரத். "வேற இல்ல, இதைக் குடுக்காட்டி உசிருக்கு ஆபத்துன்னு நம்பிக்கையான டாக்டர் சொன்னா, தேவையான அளவுக்குக் குடுத்தாக் குத்தமில்லீங்க. உசிரைக் காப்பாத்தறதும் அல்லாவோட கட்டளைதானுங்களே."

"அந்தச் சந்துலதானுங்க ஹஜ்ரத் எங்க மச்சான் உள்ள பூந்தாரு. மொதல்ல வயித்துவலி. கடைசியில போலீஸ் லாரி."

"திருடன் வாரான்னு வாசலே வெக்காம ஊடு கட்டுவீங்களா ரசாக் பாய்?"

மாமா சிரிக்கவில்லை. "அப்ப சத்தியம் பண்ணுனவன் என்னுங்க பண்ணுவான்?" என்று கேட்டார். அதை விட நல்லதைச் செய்ய வேண்டி வந்தால் சத்தியத்தை முறிக்கலாம் என்றார் ஹஜ்ரத். அதற்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டுமாம். அதற்கு வசதியில்லாதவன் மூன்று நோன்பு வைத்தால் போதுமாம்.

உள்ளே இருந்து அம்மா, "எனக்கு அந்த டானிக் வேண்டாங்கண்ணா," என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. வேறு மருந்து கேட்டு வருவதாக மாமா சொல்லியிருக்கிறார்.

அத்தா, நான் எழுதித் தந்ததில் கடைசி வரிகள் தப்பு. எனக்கு மார்க்கச் சட்டம் தெரியாது, உங்களை மட்டுந்தான் தெரியும். அந்தக் கோபத்தில் எழுதிவிட்டேன். உங்களுக்கு ஏதாவது என்று ஆகி, உண்மையான டாக்டர் உண்மையாகவே கொடுத்தால் குடியுங்கள். மூன்று நோன்பையும் உங்களோடு நானும் வைக்கிறேன். இதை உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. காலையில் முதல் வேலையாக ராமாமணியிடம் கொடுத்துவிடுவேன்.

உங்கள் மகள்
சாஜிதா


கோபிசெட்டிபாளையம்
17-2-1960

அம்மணி சாஜிதாவுக்கு பட்டறை பொங்கியண்ணன் எழுதுவது.

உன் அத்தா பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்றுதான் காகிதம் எடுத்தேன். அவர் ஒரு வரிக்கு மேல் சொல்லவில்லை. அதைக் கடைசியில் எழுதுகிறேன். நடந்ததை நானே எழுதுகிறேன். பயப்படாதே. அத்தா உயிரோடு இருக்கிறார்.

வியாழக்கிழமை ராத்திரி, நாளையிலிருந்து கிடையாது என்று, புதிதாக வந்த ஸ்பிரிட் தகரத்தை உடைத்துக் கொஞ்சம் குடித்திருக்கிறார். எப்போதும் வாங்கும் கடை ஸ்பிரிட் அல்ல அது. அதில் விஷம் இருந்தது யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். நான் வெளியே நின்றேன். நீ எழுதினதை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார்.

சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருட்டியபோது, "கண்ணுல பாலை ஊத்துன மாதிரி இருக்குதுங்க" என்றார். விடிந்ததும் காரில் போட்டு ஈரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். நல்ல பிராந்தியை உள்ளே விட்டால் அந்த விஷத்தின் வேகம் குறையும், கண் தப்பலாம் என்றார். அவரே டம்ளரில் ஊற்றி எடுத்து வந்தார்.

அத்தா டம்ளரை வாங்கவில்லை. "நேத்துத்தானுங்க சத்தியம் பண்ணுனேன். எம் புள்ளை எழுதிக் குடுத்தது" என்றார்.

"யோவ், இது மருந்துய்யா" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

"அந்த வார்த்தையும் அதுல இருக்குதுங்க" என்றார் அத்தா.

"டாக்டர் சொல்றேன், குடி."

"அதும் இருக்குதுங்க."

நான் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். டாக்டர் வேறு என்னவெல்லாமோ செய்து உயிரைக் காப்பாற்றினார். கண் போய்விட்டது அம்மணி. இரண்டும்.

உன் கடைசிக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் நான்தான் படித்துக் காட்டினேன். படிக்காமல் இருந்திருக்கலாம். முழுக்கக் கேட்டுவிட்டு, "மூணு நோன்புதானுங்களா?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்றுத்தான் இங்கே கூட்டி வந்தேன்.

அவர் எழுதச் சொன்ன வரி இது: உன்னால் இல்லை.

இப்படிக்கு
பொங்கியண்ணன்


2-4-1960

அத்தா,

பக்கத்து அறையில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். மாமா சொன்னபடியே தனி வீடு பார்த்துக் கொடுத்துவிட்டார். இங்கே நான் யாருக்கும் பயந்து விளக்கைத் தணிக்க வேண்டியதில்லை. ஆனாலும் தணித்துத்தான் வைத்திருக்கிறேன்.

நீங்கள் தவ்பா செய்த அன்று பள்ளிவாசலில் எல்லோரும் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதார்களாம். கண் போனாலும் சத்தியம் போகவில்லை, இவரல்லவா முஸ்லிம் என்று மாமா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். பெருநாளன்று உங்கள் கையை முத்தமிடப் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். ஹஜ்ரத் மட்டும் ஒன்றும் பேசாமல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னைப் பார்த்தார். அந்த வரிகளை எழுதியது நான்தான் என்று அவருக்கு எப்படியோ தெரியும் என்று நினைக்கிறேன். அல்லது எனக்கு இப்போது எல்லோரும் அப்படித்தான் தெரிகிறார்கள்.

மாமா பையனோடு கல்யாணப் பேச்சு இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. உங்களைக் கைபிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டும், அம்மாவால் முடியாது. என் புத்தகங்களை ராமாமணி வாங்கிக்கொண்டு போனாள். நீங்கள் அவள் செருப்புச் சத்தம் கேட்டு, "யாரு கண்ணு?" என்றீர்கள். யாரும் இல்லை என்றேன்.

நேற்று மாலை அஸர் தொழுததும் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படிக்கச் சொன்னீர்கள். பார்த்தால் என் கடிதம். ஜனவரியில் எழுதியது. மடிப்பெல்லாம் நைந்திருந்தது. பாலீஷ் வாடை அடித்தது. படித்தேன். மருந்துக்கடைக்காரரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். 'இனி உயிர் உள்ளவரை போதை தரும் எதையும் தொட மாட்டேன்' என்று படித்தேன். அதற்கு அடுத்தது அம்மாவின் இருமல் என்பது போல் அங்கே தாவிவிட்டேன்.

"நடுவுல உட்டுப்போட்டியே கண்ணு" என்றீர்கள்.

நீங்களே சொன்னீர்கள். மருந்தென்று சொல்லியும் தொட மாட்டேன். டாக்டரே கொடுத்தாலும் தொட மாட்டேன். பொங்கியண்ணனிடம் ஒப்பித்ததைப் போலவே, நிறுத்தி நிறுத்தி. பிறகு காகிதத்தை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்துக்கொண்டீர்கள்.

"நல்லா எழுதியிருந்தே" என்றீர்கள்.

அதை எந்த மனதோடு சொன்னீர்கள் என்று உங்கள் முகத்தில் தேடினேன். முன்பெல்லாம் கண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

என் தப்பை உங்களிடம் வாயால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் இதை உங்கள் கையில் கொடுத்தால், தடவிப் பார்த்துவிட்டு, என்னிடமே நீட்டிப் படிக்கச் சொல்வீர்கள்.

உங்கள் மகள்
சாஜிதா