சிங்க்கில் ஊத்தின தண்ணி

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதிக்கிறது. இங்க நானும் உன் தங்கச்சியும் சுகம். உங்கம்மா சுகமா இருக்காளான்னு இனிமே ஆண்டவர்கிட்டதான் விசாரிக்கணும். நீ, மருமக, பேத்தி மூணு பேரும் நல்லா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். முப்பதாம் நாள் பூசையில அம்மாவைப் பத்திப் படிக்கணும்னு நீ எழுதி அனுப்பினதை உன் தங்கச்சி எனக்கு வாசிச்சுக் காட்டினா. நல்லாத்தான் எழுதியிருக்கே, ஆனா யாரைப் பத்தின்னுதான் புரியல. பொறுமையின் சிகரமாம், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவளாம். அடேயப்பா! செபமாலை சொல்லும்போது நீ தூங்கி விழுந்தேன்னு உன் முதுகுல அவ வச்ச அறை பக்கத்து வீட்டுக்குக் கேட்டுச்சு, அடுத்த மந்திரத்தை அவ விட்ட இடத்துலேர்ந்து பிசகாம எடுத்தா. கோயில் பீடத்துணி துவைக்கன்னு தனியா ஒரு வாளி வச்சிருந்தாளே, அதுல தெரியாம என் பனியனை நனைச்சதுக்கு ஒரு வாரம் என்னோட பேசல. பூசைக்கு முதல் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு யார் லேட்டா வர்றான்னு திரும்பித் திரும்பிப் பாப்பா. சாமியாரே அவளைக் கண்டா பிரசங்கத்தைச் சுருக்கிக்குவார். இதெல்லாம் அவளைக் குறை சொல்றதுக்கு எழுதல. அவளோட அத்தனை வருஷம் குப்பை கொட்டினவன் நான். அவ பாட்டுக்கு ஒரு மனுஷியா இருந்தா, நீ அவளை மெழுகு பொம்மை ஆக்கிட்டே, அதான் எரிச்சல்.

அதுகூடப் போகட்டும். கடைசியில ஒரு வரி எழுதியிருக்கே பாரு, அம்மாவின் நோயை எங்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள், கடைசியாக முகம் பார்க்கும் பாக்கியத்தைப் பறித்துவிட்டார்கள்னு. பேர் போடல, ஆனாலும் கோயில்ல உக்காந்திருக்கிற அத்தனை பேரும் என்னைத்தான் திரும்பிப் பாப்பாங்க. ஏற்கெனவே உன் மாமா முகம் குடுத்துப் பேசறதில்ல, பெத்த பிள்ளைக்குச் சொல்லாம அடக்கம் பண்ணின பாவின்னு வெளியில சொல்லிக்கிட்டுத் திரியறாராம். நான் வாயைத் திறக்கல. உன் வேலை கெடக்கூடாதுன்னு சொல்லலன்னு போன்ல உன்கிட்ட ஒரு காரணம் சொன்னேன், நீயும் நம்பிட்டே. நீ அதைப் பீடத்துக்கு முன்னால நின்னு படிக்கப் போறேன்னதும் என் பொறுமை போச்சு. ஏன் சொல்லலன்னு கேட்டே இல்ல, கேட்டுக்கோ.

போன தடவை லீவுல வந்தப்ப பேத்திக்கு ஞானஸ்நானம் எப்பன்னு உங்கம்மா கேட்டுக்கிட்டே இருந்தா, நீயும் மருமகளும் அதெல்லாம் அவ வளந்து அவளே முடிவு பண்ணட்டும்னு சொல்லிட்டீங்க. அது உங்க இஷ்டம், நான் தலையிடல. ஆனா அவளுக்கு இருப்பே கொள்ளல. சாகிற ஆபத்துல இருக்கிற பிள்ளைக்கு யார் வேணும்னாலும் தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம்னு சின்ன வயசுல மறைக்கல்வியில படிச்சது அவ மண்டையில ஏறிக் கிடந்துச்சு. நீங்க ஊருக்குக் கிளம்பற அன்னைக்கு, ஆகாயத்துல அவ்வளவு தூரம் பறக்கப் போற பிள்ளை, அது ஆபத்து இல்லாம வேற என்னன்னு அவளா ஒரு கணக்குப் போட்டு, நீ பெட்டி கட்டிக்கிட்டு இருந்தப்ப சமையலறை சிங்க்குல வச்சுப் பிள்ளை தலையில தண்ணியை ஊத்திட்டா. தப்புதான். அவகிட்டயே சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துல அவ இதைப் பாவம்னு ஒப்புக்கிட்டப்ப சாமியாரும் நல்லாக் கண்டிச்சு விட்டிருக்கார், மகன்கிட்ட மன்னிப்புக் கேளுன்னு. ஆனா நீ என்ன சொன்னே? பிள்ளையை அவ கையிலேர்ந்து வெடுக்குன்னு பிடுங்கிட்டு, இனிமே என் பிள்ளையை உன் கையால தொடாதேன்னு கத்தினே. பாத்திரம் தேச்சு, உன் சட்டைக்கு இஸ்திரி போட்டு, உன் பீத்துணி அலசின கை. அவ அந்தக் கை ஈரத்தை முந்தானையில தொடச்சுக்கிட்டா. அப்புறம் சாமியார் சொன்னபடி மன்னிப்புக் கேக்க போன் போட்டா, மீட்டிங்ல இருக்கேன்னு வச்சே. மறுபடியும் போட்டா, சரி சரின்னே. அதுலேர்ந்து வீடியோவுல உன் மூஞ்சி மட்டும்தான் வரும், பிள்ளை வராது. பின்னால அது சிரிக்கிற சத்தம் கேக்கும், உங்கம்மா போனைக் காதுல வச்சுக்குவா.

வயித்துல கட்டின்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே நான் உனக்குப் போன் போட எடுத்தேன். பிடுங்கி வச்சுக்கிட்டா. மண்ணு போட்டப்புறம் சொல்லுங்கன்னா. ஏண்டி இப்படிப் பண்றேன்னு கேட்டேன். வந்தா பிள்ளையோட வருவான், எனக்குக் கை சும்மா இருக்காது, தொட்டுடுவேன், அவன் மறுபடியும் கத்துவான், சாமியார் வந்து சாகப்போறவளுக்குக் கடைசி எண்ணெய் பூசிட்டுப் போனப்புறம் நான் இன்னொரு பாவம் பண்ணிட்டுச் சாகணுமான்னா. என்னையும் உன் தங்கச்சியையும் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ண வச்சா. அவ உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே செத்தான்னு உன் தங்கச்சி சொன்னது, நீ போன்ல அழுத அழுகையைத் தாங்காம சொன்னது. கூப்பிடல. உன் பேரை வாயிலயே எடுக்கல.

இதைக் கேட்டு உனக்கு வலிக்கும். வலிக்கட்டும்னுதான் எழுதறேன், பூசி மெழுக எனக்குத் தெரியாது. அந்தக் கடைசி வரியை எடுத்துடு, இல்லேன்னா இந்தக் கடிதத்தையும் சேத்துப் படி. உடம்பைப் பாத்துக்கோ, நேரத்துக்குச் சாப்பிடு, மருமககிட்ட சண்டை போடாதே, இதுல அவ தப்பு எதுவும் இல்ல. ஆண்டவர் உங்க மூணு பேரையும் நோய்நொடி இல்லாம வச்சிருக்கட்டும், மாதா துணையிருக்கட்டும். இது உங்கம்மா சொல்லியிருப்பா, அதனால எழுதறேன்.

பூசை சனிக்கிழமை சாயங்காலம், மறந்துடாதே. பேத்தியையும் தூக்கிக்கிட்டு வா. பயப்படாதே, தொடறதுக்கு இங்க யாரும் இல்ல.

இப்படிக்கு,
உன் அப்பா