‘முருகா’வுக்குப் பிறகு நீர் சொன்னது

என் அன்புக்குரிய மாப்பிள்ளை வேலாயுதத்துக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும். கரும்பலகையில் கோடு போடாமலே நேராக எழுதிய கை, இன்று வரியில் நிற்கவில்லை. துக்கத்தால் இல்லை வே. இன்று உமது பதினாறாம் நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து இப்போதுதான் கூட்டம் கலைந்தது. நடந்ததை உம்மிடம் சொல்லாமல் என்னால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

வாத்தியார் புத்தி, முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். முதலில் இருப்பது நான் செய்த தப்பு. கேட்டுக்கொள்ளும்.

என் தங்கச்சி செண்பகத்தை நீர் கட்டி முப்பது வருஷம். நீர் கருப்புச் சட்டை, நான் திருநீறு. நீர் கரண்ட் கம்பம் ஏறுகிறவர், நான் பள்ளிக்கூடத்தில் கத்துகிறவன். சாமி இல்லை என்று நீர் சொல்லாத நாள் கிடையாது. ஆனால் உம் வாயில் புழங்கிய அளவுக்குச் சாமி பேர் என் வாயில்கூடப் புழங்கியதில்லை. கையிலிருந்து ஸ்பேனர் நழுவினால் ‘சிவசிவா’. கரிவலம் பஸ்ஸைத் தவறவிட்டால் ‘எல்லாம் தலையெழுத்து’. உம்முடைய மேலதிகாரி தூரத்தில் வந்தால் ‘சனியன் வருது’. யாராவது ஏணியைப் பிடித்துக்கொண்டால் ‘நல்லா இரும், புண்ணியமாப் போகும்’. கம்பத்தில் முதல் காலை வைக்கும்போது எப்போதும் ‘முருகா’.

ஒரு ஆடித்தபசுத் திருவிழாச் சமயம் தேரடிப் பக்கம் கரண்ட் போய்விட்டது. நீர் ஏறினீர், நான் கீழே நின்றேன்.

“என்ன வே, கருப்புச் சட்டைக்காரரு முருகான்னுட்டு ஏறுதீரு?”

“ஏறும்போது மூச்சு விட ஒரு சத்தம் வேணும்லா மச்சான். ஐலசான்னு சொன்னா நான் கப்பல்லயா போறேன்?”

கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் விடவில்லை. “வாயில வந்தது ஒருநாள் நெஞ்சுக்கு வரும், பாத்துக்கிடும்” என்றேன். “வரட்டும், வந்தா உமக்குத்தான் முதல்ல சொல்லுவேன்” என்றீர், மேலே இருந்தபடி.

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம். செண்பகம் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் ஒருவன்தான். நீர் கண்ணைத் திறந்து மேலே பார்த்து ‘முருகா’ என்றீர். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் வெந்நீரோடு வருவதற்குள் நீர் போய்விட்டீர்.

கரிவலத்திலிருந்து உம்முடைய அண்ணாச்சி சுப்பையா அழுதுகொண்டே வந்தார். வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “அண்ணாச்சி, முருகான்னு கூப்பிட்டுட்டுத்தான் போனாரு.” அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன் மாப்பிள்ளை, உம்மைக் கிடத்தியிருந்த வீட்டில், அழுகைக்கு நடுவில், முப்பது வருஷ வாதத்தில் ஜெயித்துவிட்ட ஒரு சின்னச் சந்தோஷம் எனக்குள் இருந்தது.

அந்தச் சந்தோஷம் என்ன செய்தது, பாரும்.

என் மகள் கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே, எல்லார் காதிலும் விழும்படி நீர் சொன்னீரே, ஞாபகம் இருக்கிறதா? “நான் செத்தா செண்பகத்தோட தாலியிலயோ பொட்டுலயோ ஒரு பய கை வைக்கக் கூடாது.” அண்ணாச்சியும் பக்கத்து இலையில்தான் இருந்தார். நீர் போன பின்பு அவர் சொல்லிவிட்டார்: “அது சாமி இல்லேன்னவன் பேச்சு வாத்தியாரே. முருகான்னவன் பேச்சு இல்ல. தம்பி திரும்பிட்டான். இனி எல்லாம் முறைப்படிதான்.” பதினாறாம் நாள் காலையில் தாலியைக் கழற்றுவது, பொட்டை அழிப்பது, பிறந்த வீட்டிலிருந்து வரும் வெள்ளைக் கோடிச் சேலையைப் போர்த்துவது என்று ஒன்றும் பாக்கியில்லாமல் முடிவு பண்ணிவிட்டார்கள். பிறந்த வீடு என்றால் யார்? நான்தான். உம்முடைய சொல்லை என் சொல் அழித்தது போதாதென்று, சேலையையும் நான்தான் கொண்டு வர வேண்டும்.

உம்மிடம் அத்தனை வாயாடிய செண்பகம், பன்னிரண்டு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்றாம் நாள் காபியை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“அண்ணே, அவுக முருகான்னாகளா?”

“ஆமாம்மா.”

“அதுக்கு அப்புறம் என்ன சொன்னாக?”

“அப்புறம் என்னம்மா? அதான் கடைசி.”

“அவுக முருகான்னா அப்புறம் ஒரு வேலை இருக்குமே அண்ணே. வெறும் முருகாவை நான் கேட்டதே இல்லியே.”

மாப்பிள்ளை, காபியைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால், அப்புறம் நீர் சொன்னது எனக்குக் கேட்டது. மறந்துபோயிற்று என்று சொன்னால் பொய். அதை நான் ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ‘முருகா’ என்றீர். தலைக்கு மேலே தள்ளாடிச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தீர். “இந்த ஃபேன்ல கண்டன்சர் போயிட்டு வே. ஒருத்தனும் பாக்கலியா” என்றீர். அதுதான் உம்முடைய கடைசிப் பேச்சு. பாதி வாக்கியத்தை மட்டும் எழுதிவிட்டு வரும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியவன் நான். உம்முடைய கடைசி வாக்கியத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு சொல்லைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டியிருக்கிறேன்.

செண்பகத்திடம் சொன்னேன். “இதைத் தேரடியில நின்னு சொல்ல வேண்டாம் அண்ணே. கரிவலத்து அத்தான்கிட்டச் சொல்லுங்க, போதும்” என்றாள்.

நேற்று ஜவுளிக் கடைக்குப் போய் மாம்பழக் கலரில் ஒரு நல்ல சேலை எடுக்கச் சொன்னேன். “யாருக்கு சார்?” “தங்கச்சிக்கு.” “என்ன விசேஷம்?” “பதினாறாம் நாள்.” கடைக்காரர் சேலையைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், மடித்துக் கொடுத்தார்.

இன்று காலை வீடு நிறைய ஆட்கள். செண்பகத்தை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். நான் தட்டில் சேலையை வைத்ததுமே சலசலப்பு. அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

“என்ன வே இது, கண்ணு தெரியலியா உமக்கு?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேனையும் சொன்னேன், கண்டன்சரையும் சொன்னேன். அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது.

“அன்னைக்கு ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா? தங்கச்சிக்காகப் புளுகுதீரா? நீரு சாமி கும்பிடுத ஆளுதான? சூடத்த ஏத்தி அணைச்சுச் சத்தியம் பண்ணும் பாப்போம்.”

உடனே சூடம் வந்தது. சூடத்தைக் கையால் அடித்து அணைத்தேன். “கோமதியம்மன் சத்தியமாச் சொல்லுதேன். என் மாப்பிள்ளை கடைசி வரைக்கும் எந்தச் சாமியையும் கூப்பிடல.”

செண்பகம் சிரித்துவிட்டாள். பதினாறு நாளில் முதல் சிரிப்பு. “இழவு வீட்டுல சிரிக்கா பாரு” என்று பின்னாலிருந்து ஒருத்தி முனகினாள். செண்பகம் வாயைப் பொத்தவில்லை. “அவுக கேட்டிருந்தா கட்டில்ல இருந்து விழுந்திருப்பாக” என்றாள்.

ஆனால் அண்ணாச்சி சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடையது வெறும் பிடிவாதம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் சின்னக் குரலில் கேட்டார்: “அப்போ என் தம்பி இப்ப எங்கன இருப்பான் வே? முருகான்னு சொல்லியிருந்தா அவன் ஒரு இடத்துல இருக்கான்னு நான் நிம்மதியா இருந்திருப்பேன்லா?”

நீர் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர் மாப்பிள்ளை?

பதில் சொன்னது செண்பகம். “அத்தான், அவுக ஒரு சாமியவும் கும்பிடல. உங்களக் கும்பிட்டாக. வருஷம் தப்பாமப் பொங்கலன்னைக்குக் கரிவலம் வந்து உங்க கால்ல விழுவாகல்லா? அப்ப ஒருத்தரும் அவுகள இழுத்துட்டுப் போய் விழ வைக்கலியே. சொன்னதச் செய்யுத மனுசன்னு உங்களத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாக. அவுக சொன்னத நீங்க செய்ய மாட்டீகளா?”

அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. பிறகு எழுந்தார். தட்டிலிருந்த மாம்பழக் கலர்ச் சேலையை அவரே எடுத்தார். “இந்தா தாயி, உடுத்திக்கோ. நேரமாகுது, எல்லாரும் பசியில இருக்காக” என்று அவள் கையில் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பந்தி பரிமாறப் போய்விட்டார்.

தாலி கழுத்தில் இருக்கிறது. பொட்டு நெற்றியில் இருக்கிறது. இதை எழுதும்போது அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கிறது. சொந்தக்காரப் பெண்களை உட்காரவிடாமல் வேலை வாங்கிக்கொண்டிருக்கிறாள் உம் பெண்டாட்டி. முப்பது வருஷம் நான் ஜெயிக்க நினைத்த வாதத்தில் இன்று தோற்றுவிட்டேன். அதை எழுதும்போது எனக்கு ஏன் இத்தனை சந்தோஷம்?

ஒன்றே ஒன்று பாக்கி. பஸ் ஏறப் போகும்போது அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டு, “கோயில்ல அவன் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிரும் வே. செண்பகத்துக்குத் தெரிய வேண்டாம்” என்றார். சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்கும் அந்த ஆசை எவ்வளவு என்று உமக்குத் தெரியாதா? “முடியாது அண்ணாச்சி. உங்க பேருக்குப் பண்ணுதேன்” என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் கோவிலுக்குப் போவேன். அண்ணாச்சி பேரைச் சொல்வேன், செண்பகம் பேரைச் சொல்வேன். அதில் நீர் தலையிட வேண்டாம். “வேற யாரு பேரும் உண்டா?” என்று பட்டர் கேட்பார். இல்லை என்று சொல்வேன். எத்தனை வருஷம் கேட்டாலும் இல்லை என்றே சொல்வேன். இது நான் உமக்குத் தரும் வாக்கு.

இப்படிக்கு,
செண்பகத்தின் அண்ணன், உம்மோடு வாதாட இனி ஆளில்லாத மச்சான்,
ஆவுடையப்பன்
சங்கரன்கோவில்