பிரேக்குக்கு அடியில் ரப்பர் மேட்

க்ளெம்,

காரைத் தொடாதே. நான் நடந்தே வேலைக்குப் போகிறேன். காலையில் தண்டவாளத்துக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன், இறங்கவில்லை. பழைய மேட்டை எடுக்காமல் அதன் மேலேயே நீ போட்ட பனிக்கால ரப்பர் மேட் நழுவி, பிரேக்குக்கு அடியில் சுருண்டு கிடந்தது. கைப்பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். ரயில் என் மூக்கை உரசாத குறையாகப் போனது.

கொக்கியில் மாட்டுகிற மேட்டைத்தான் வாங்கச் சொன்னேன். "பூட்ஸ் தண்ணி கீழ இறங்காம இருந்தா போதாதா?" என்று சிரித்தாய்.

சூப் அடுப்பில் இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் ஷெல்பி ஓட்டிப் பழகக் கேட்பாள். மாற்றுச் சாவி அவளிடம் இருக்கிறது, முதலில் அதை வாங்கி வை.

டோரீன்

பி.கு: நேற்று கடையில் கோபத்தில் "என்னமோ பண்ணித் தொலை" என்றேன். இனி அப்படி எதையும் பண்ணிடாதே, க்ளெம்.