அடியெடுத்துக் கொடுப்பவள்

ஜனவரி 21, செவ்வாய்

டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். கல்லூரிகளுக்கு இடையேயான ஆங்கில நாடகப் போட்டி, திருச்சி மண்டலம். எங்கள் மூன்றாம் ஆண்டு சார்பாக ஒரே ஒரு பெண் நடிக்கும் நாடகம். எழுத்து, நடிப்பு: சுபலட்சுமி.

எழுத்து?

நாடகத்தில் வருகிற, சவுதி தம்மாமில் இருக்கும் கணவனுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிப் பேசி அழிக்கும் பெண்ணை சுபாவுக்கு எங்கே தெரியும்? அது எங்கள் அம்மா, அந்தக் கணவன் எங்கள் அத்தா. பெரிய கடை வீதிச் சந்தில், எங்கள் அடுப்படியில், குக்கர் விசிலுக்கு நடுவே அத்தாவிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அழித்துவிட்டு, "இங்க எல்லாரும் நல்லாருக்கோம்" என்று மட்டும் அனுப்புகிற அம்மா. ஒவ்வொரு வரியும் நான் எழுதினது.

ஜனவரி 22

சுபாவை கேன்டீனில் பிடித்தேன். "மேம்தான் போட்டாங்கடி. கதை உன்னோடதா இருக்கலாம், இங்கிலீஷ் நான் திருத்தினதுதானே? டென்ஸ் எல்லாம் எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்றாள். பஜ்ஜியைத் தின்றுகொண்டே சொன்னாள்.

லூர்துராணி மேமிடம் போனேன். "போஸ்டர் பிரிண்ட் ஆயிடுச்சும்மா. சின்ன விஷயம், விட்டுடு. அவளுக்கு உச்சரிப்பு நல்லா இருக்கு, மேடைக்கு அதுதான் முக்கியம்" என்றார். எனக்கு உச்சரிப்பு இல்லை. தமிழ் மீடியம். சரி.

விடமாட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

ப்ராம்ப்டிங் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார் மேம். மேடையின் ஓரத்தில் திரை மறைவில் உட்கார்ந்து, வரி மறந்தால் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுக்கிற வேலை. யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

"உனக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு சம்ரீன்" என்று மேம் எல்லார் முன்னாலும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒத்திகை ஸ்ரீரங்கத்தில், சுபா வீட்டில். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அவள் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்காத்துப் பொண்ணு இப்படியெல்லாம் எழுதுவான்னு நேக்குத் தெரியவே தெரியாது. கேட்டுட்டு அழுதுட்டேன்மா. நீ கூடமாட இருந்து ஒத்தாசை பண்றியாமே, நன்னா இருப்பே."

சுபாவைப் பார்த்தேன். அவள் காபி டம்ளரைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுவரை எனக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அந்தக் காபியோடு அது போயிற்று.

பிப்ரவரி 6

ஒன்று கவனித்தேன். வரி மறந்தால் சுபா மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பாள். சும்மா விட்டால் தானே ஞாபகம் வந்துவிடும். அந்த நேரத்தைத்தான் நான் அவளுக்குக் கொடுப்பதில்லை. மூச்சை இழுக்கும்போதே முதல் வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் அவள் மறக்காதபோதே சொல்கிறேன்.

"நீ இருக்கறதால எனக்கு டென்ஷனே இல்லடி" என்கிறாள்.

இரு.

பிப்ரவரி 10, திங்கள்

கடைசிப் பக்கத்தில் அவள் முழுக்க என்னை நம்பித்தான் நிற்கிறாள். அந்தப் பெண் கடைசி மெசேஜையும் அழித்துவிட்டு, 'இனிமேல் உங்கள் குரலே எங்களுக்குப் போதும்' என்று ஆங்கிலத்தில் சொல்லுகிற இடம். நான் ஆரம்பிக்காமல் அவளுக்கு அது வருவதே இல்லை. வேண்டுமென்றே இன்று தும்மினேன், தாமதமாகச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

நான் கெட்டவளா? ஆமாம், இருந்துவிட்டுப் போகிறேன். அவள் நல்லவளா?

பிப்ரவரி 13, வியாழன்

ஒழுங்காக எழுத வருகிறதா பார்ப்போம்.

அரங்கம் நிறைந்திருந்தது. சுபா நன்றாகத்தான் நடித்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் வழக்கம்போல எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கம் வந்தது. மூச்சை இழுத்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் நின்றாள். என் பக்கம் கண்ணை மட்டும் திருப்பினாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் எவனோ விசில் அடித்தான். அவள் நெற்றியில் வேர்வை. உதடு துடிக்கிறது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்டா சாமி — வாழ்க்கையில் பட்டதில்லை.

அப்புறம் அவள் முழுசாகவே என் பக்கம் திரும்பிவிட்டாள். மைக் சட்டையில்தான் இருக்கிறது. "சொல்லித் தொலையேன்டி! நீ எழுதினதுதானே!"

அரங்கமே கேட்டது. முதலில் சிரிப்பு, பிறகு சலசலப்பு.

எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று அந்த வரியைச் சத்தமாகச் சொன்னேன். என் உச்சரிப்பில். நிறுத்தவில்லை, கடைசி வரைக்கும் நானே சொல்லி முடித்தேன். சுபா கையில் போனோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

நடுவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எழுதினது யாரு?" லூர்துராணி மேம் என்னைக் கை காட்டினார்.

பிப்ரவரி 14

இரண்டாம் இடம். முதல் இரண்டு அணிகள் இறுதிப் போட்டிக்குச் சென்னை போகின்றன. திரை மறைவிலிருந்து கேட்ட குரல்தான் மேடையில் இருக்க வேண்டும் என்று நடுவர் எழுதியிருக்கிறார். புதுப் போஸ்டர் வருகிறது. எழுத்து, நடிப்பு: சம்ரீன்.

அம்மாவிடம் காட்டினேன். "அத்தா இதைப் பார்த்தா என்ன நெனப்பாங்க?" என்றாள். பிறகு, "படிச்சுக் காட்டு" என்றாள்.

பிப்ரவரி 17, திங்கள்

சுபா வரவில்லை. அவள் இடத்தில் பையை வைத்துக்கொண்டேன். அப்பாடா.

பிப்ரவரி 20

வந்துவிட்டாள். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தாள். கோபம் இல்லை, எதுவும் இல்லை. ப்ராம்ப்டிங் யார் என்று மேம் கேட்டதும் அவள்தான் கை தூக்கினாள். "எனக்கு மொத்த நாடகமும் மனப்பாடம் மேம்."

மேமுக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா சம்ரீன், இதுக்கும் ஒரு மனசு வேணும்" என்றார்.



பிப்ரவரி 22, சனி

முதல் ஒத்திகை. நான் மூச்சை இழுத்தேன், அதற்குள் திரை மறைவிலிருந்து வார்த்தை வந்துவிட்டது. மெதுவாக, அழகான உச்சரிப்பில்.

"நான் மறக்கலை, எனக்கே தெரியும்" என்றேன்.

"தெரியும்டி. இருந்தாலும் சொல்றேன். டென்ஷன் இல்லாம இரு."

பிப்ரவரி 26, புதன்

சுபா எனக்கு எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று மேமிடம் கேட்டேன். "அவ உதவி பண்றா, உனக்கு இன்னும் பகை தீரலையா?" என்று என்னைத்தான் திட்டினார். சுபா ஓரத்தில் நின்று சாந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சென்னை.

இன்று கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். அவள் சொன்ன பிறகுதான் எனக்கு வரி வந்தது. நான் எழுதின வரி.