லைனோரத்துத் தெரு

அன்புள்ள தம்பிக்கு,

இன்சீன் ஊர் ரயில் லைனோரத்தில் நம் தெருவே இப்போது இல்லை. நேற்று இயந்திரம் வந்து எல்லா வீடுகளையும் இடித்துவிட்டது. நாங்கள் கோயில் மண்டபத்தில் இருக்கிறோம்.

"காலி பண்ணினா ஆத்துக்கு அக்கரையில டாலாவில் மனை தர்றோம்னு அதிகாரிங்க சொல்லுவாங்க, நம்பாதீங்க. ஒத்துமையா இருந்தா நம்மை அசைக்க முடியாது" என்று தெருக் கூட்டத்தில் நீதான் பேசினாய். உன்னை நம்பி ஒருவரும் சம்மதிக்கவில்லை.

"அக்கா, உங்க தம்பிக்கு டாலாவில் மனை கிடைச்சு குடிபோயிட்டாராமே" என்று பக்கத்து வீட்டு செசிலியா இன்று சொன்னாள். அது வேறு யாரோ என்று அவளிடம் சண்டை போட்டேன். பிறகு படகேறிப் போய்ப் பார்த்தேன். புது வீட்டு வாசலில் உன் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

அம்மா இன்னும் சாப்பிடவில்லை. "அவன் வீடும் போச்சே, பிள்ளைகளோட எங்கே நிக்கிறானோ" என்று உனக்காகத்தான் அழுகிறார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயே வந்து சொல்.

அக்கா