மேல் அம்பு, மூன்று முறை

மார்ச் 3
மருமகள் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தலையிலும் அடி. மறதியோ பேச்சில் குழப்பமோ தெரிந்தால் உடனே அழைத்து வரும்படி மருத்துவர் சொன்னார். மகன் கப்பலில் இருக்கிறான். ஒரு பல் மருத்துவமனையின் கணினிகளை இவள் வீட்டிலிருந்தே பராமரிக்கிறாள். அந்த வேலை நின்றுவிடுமே என்று புலம்பினாள். "நீ சொல்லு, நான் அடிக்கிறேன்" என்றேன். கான்வென்டில் தட்டச்சில் முதல் பரிசு வாங்கியவள் நான்.

மார்ச் 5
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுசே வேண்டாம். டேப் விசையைத் தட்டினால் பாதிச் சொல்லை அதுவே முடிக்கிறது. கன்ட்ரோலோடு ஏ சேர்ந்தால் வரியின் தொடக்கம். யூ சேர்ந்தால் அடித்தது அத்தனையும் மறைகிறது. மேல் அம்பு, முன்பு அடித்த கட்டளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவருகிறது. சோம்பேறிகளுக்கான ஏற்பாடு. ஆனாலும் ஒரே நாளில் படிந்துவிட்டது.

என்டரைத் தட்டும் முன் திரையைப் பார்க்கச் சொல்லி நச்சரிக்கிறாள். பார்க்காமல் அடிப்பதற்குத்தானே சிஸ்டர் பரிசு கொடுத்தார்? ஜன்னலைப் பார்த்தபடியே அடித்துக் காட்டினேன்.

மார்ச் 9
என்ன காரியம் செய்துவிட்டேன்.

"மேல் அம்பு ரெண்டு, என்டர்" என்றாள். விரல் போன வேகத்தில் மூன்று தட்டிவிட்டேன். என் கண் ஜன்னலில். இரண்டாவதாக இருந்தது நகலெடுக்கும் கட்டளை. மூன்றாவது, அழிக்கும் கட்டளை. நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த இந்த வார நேரங்கள் எல்லாம் போயின.

"எத்தனை தட்டுனீங்க அத்தை?"

"நீ மூணுன்னுதானே சொன்னே."

யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மார்ச் 10
பல் மருத்துவமனையிலிருந்து போன். யாருக்கு எந்த நேரம் என்று தெரியாமல் வாசல்வரை கூட்டமாம். தப்பு என்னுடையதுதான், மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று மருமகள் மன்னிப்புக் கேட்டாள். பக்கத்து நாற்காலியில் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

மார்ச் 11
தலைவலி என்று அறையிலேயே கிடந்தேன். தலை வலிக்கவில்லை.

மார்ச் 12
வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடப் போகிறாளாம். தலையை ஸ்கேன் எடுக்க நாளும் குறித்தாயிற்று. சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"வேற ஏதாவது மாத்திப் பேசுறேனா அத்தை? மறைக்காம சொல்லுங்க."

என்னைக் கேட்கிறாள். என்னை!

"நீ ரெண்டுன்னுதாம்மா சொன்னே. நான்தான் மூணு தட்டிட்டேன்."



"மூளையில ஏதோ ஆயிடுச்சுன்னு ராத்திரியெல்லாம் பயந்து செத்தேன். நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க."

இந்த வயதில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 13
பல் மருத்துவமனைக்கு நானே போன் செய்து, அழித்தது யார் என்று சொன்னேன். போனை எடுத்த பெண் "வயசாச்சுல்ல பாட்டி, விடுங்க" என்றாள். திட்டியிருக்கலாம். மருமகளிடம் சொன்னேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 14
வேலையை விடவில்லை. இடது கையால் அவளே தட்டுகிறாள். ஒரு விசை, நெடு நேரம் கழித்து இன்னொன்று. சுவர் வழியே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 18
"அத்தை, கொஞ்சம் வாங்க."

நாற்காலியைத் திரைக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தாள். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால்.

"மேல் அம்பு ரெண்டு. என்ன வந்திருக்குன்னு வாசிங்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுத்து எழுத்தாக வாசித்தேன். "ம்" என்றாள். அதன் பிறகுதான் என்டரைத் தொட்டேன்.