தம்பி வரும் திகதி

14 ஒக்டோபர் 2025, செவ்வாய்

யூட்டிடமிருந்து வாட்ஸ்அப். ஒன்பது வருடத்துக்குப் பிறகு. "அக்கா, எங்கட கார் ரேஸ் ஒண்டு பெப்ரவரி 22 ஓக்லண்டில நடக்கப்போகுதாம். வேலையா வரவேண்டி இருக்கும்." அவ்வளவுதான். சுகமா என்றுகூட இல்லை.

என் தம்பி அமெரிக்காவில் ஒரு ரேஸ் டீமில் மெக்கானிக். அவர்களுடைய பந்தயத் தொடர் முதல் தடவையாக வெளிநாட்டுக்கு வருகிறதாம், அதுவும் இங்கே. என்ன பதில் எழுதுவது? மத்தியானம் முழுக்க எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "நல்லது. திகதி முடிவானதும் சொல்லு. லீவு போட வேணும்."

நானும் சுகம் கேட்கவில்லை.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். காற்றில் மெழுகுதிரி நிற்கவேயில்லை. மகள் ஜனுஷா கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யூட் அம்மாவின் கல்லறையை இதுவரை காணவில்லை. அம்மா போனபோது அவனுடைய பயண அனுமதி கைக்கு வரவில்லை. "நாலு நாள் தள்ளிப்போடுங்கோ அக்கா, அதுக்குள்ள வந்திடுவன்" என்றான். மண்டபம், பங்குச் சுவாமி, சிட்னியிலிருந்து வந்த சொந்தம் என்று எல்லாம் புதன்கிழமைக்கு ஒழுங்காகியிருந்தது. ஏலாது என்றேன். அவன் போனில் கத்தினான். "அம்மாவே இல்லை, இனி நீ இஞ்ச வரத் தேவையில்லை" என்று நானும் கத்தினேன்.

வரவில்லை. என் சொல்லை அவன் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

19 நவம்பர், புதன்

பெப்ரவரி இல்லையாம்! அமெரிக்க டிவிக்காரருக்கு அந்த நேரத்தில் வேறு விளையாட்டாம். இங்கே ஞாயிறு மதியம் ஓடினால்தான் அங்கே சனி இரவு பார்க்கலாமாம். எங்கள் வெயிலில் ஓடுகிற காருக்கு அவர்களுடைய இரவுச் சாப்பாட்டு நேரம் பார்க்கிறார்கள். இப்போது மார்ச் 15.

ஹென்டர்சனில் பல் டாக்டரின் முன்மேசையில் இருக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களுக்குத் திகதி மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. இன்று பெப்ரவரிக்குப் போட்ட என் லீவை மாற்றித் தரச்சொல்லி மனேஜர் முன்னால் நின்றேன். தந்தார். முகம்தான் சரியில்லை.

11 டிசம்பர், வியாழன்

இப்போது கப்பல் பிரச்சினை. மார்ச்சில் இங்கே ஓடினால் அடுத்த அமெரிக்கப் பந்தயத்துக்குக் கார்கள் திரும்பிப் போய்ச் சேராதாம். சில டீம்கள் வரமாட்டோம் என்று முந்தியே சொல்லிவிட்டனவாம். எந்த டீம்கள் என்று நான் பார்த்த செய்தியில் இல்லை. அதற்கு மேல், ஓடுபாதைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வாரம் சத்தம் போட விடமாட்டார்களாம்.

பஸ்ஸில், அடுப்படியில், பூசைக்கு முன்னால் – எங்கேயும் இதைத்தான் வாசிக்கிறேன். "கார் ஓடவே பயப்பிடுற மனிசி, இப்ப ரேஸ் கொமிட்டியில சேந்திட்டா" என்று இவர் பகிடி விடுகிறார். சிரிப்பு வரவில்லை.

25 டிசம்பர்

யூட்: "ஹப்பி கிறிஸ்மஸ். திகதி இன்னும் முடிவாகேல்லையோ?" நான்: "ஹப்பி கிறிஸ்மஸ். இல்லைப் போல." பேச்சு முடிந்தது.

அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது?

20 ஜனவரி 2026, செவ்வாய்

ஏப்ரல் 5. உயிர்த்த ஞாயிறு! இவங்களுக்கு விசரோ? கடை பூட்டு, கோடைநேரம் முடிஞ்சு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போற நாள், விடியப் பூசை – அண்டைக்குத்தான் கார் ஓட்ட வேணுமாம். டிவிக்காரர் சரி என்றால் கப்பல்காரர் இல்லை என்கிறார்கள், கப்பல் சரி என்றால் டீம் முதலாளிமார் வழக்குப் போடுவோம் என்கிறார்கள். ஆளுக்கொரு கலண்டர். நடுவில் கிடந்து சாகிறது நான்.

யூட்டுக்கு அனுப்பினேன்: "ஏப்ரலுக்கு லீவு மாத்தியாச்சு. இதோட ரெண்டாந்தரம். இனி வேலையில மாத்தித் தரமாட்டினம்." உடனே பதில் வந்தது: "சரி அக்கா. மாத்த வேண்டாம்."

6 பெப்ரவரி, வெள்ளி

வைத்தாங்கி நாள், நாட்டுக்கே விடுமுறை. ஜனுஷா மடிக்கணினியோடு அடுப்படிக்கு வந்து நின்றாள். வர மறுத்த டீம்களின் பட்டியலை எங்கேயோ தேடி எடுத்திருக்கிறாள். மாமாவின் டீம் அதில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் மறுத்தது நவம்பரிலேயே.

நவம்பரில்!

அப்படியென்றால் கிறிஸ்மஸுக்கு என்ன கேட்டான்? ஓடுகிற கார்களில் ஒன்றுகூட அவனுடையதில்லை. வேலை இல்லை, கூப்பிட ஆளில்லை. பிறகு ஏன் திகதி, திகதி என்று...

வெங்காயம் கருகிவிட்டது. கறியை அப்படியே இறக்கி வைத்தேன்.

7 பெப்ரவரி

அவன் அமெரிக்கப் பிரசை ஆகி மூன்று வருடம் என்று கனடாச் சொந்தம் சொல்லித் தெரியும். நினைத்தால் எந்த நாளும் டிக்கெட் போடலாம். வேலை என்று சொன்னால் வரலாம். சும்மா வரமாட்டான், நான் வராதே என்றேனே. அந்த ரேஸ் அவனுக்கு ஒரு சாட்டு. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, நான் 'வா' என்று சொல்லத் தேவையில்லையே!

24 பெப்ரவரி, செவ்வாய்

கைவிட்டார்கள். இந்த வருடம் ஓக்லண்டில் ரேஸ் இல்லை. அடுத்த வருடம் பார்ப்போமாம்.

யூட்: "ரேஸ் இல்லையாம் அக்கா." அதற்குப் பிறகு 'எழுதுகிறார்' என்று காட்டியது. நின்றது. திரும்பக் காட்டியது. ஒன்றும் வரவில்லை.

இப்போது விட்டால் இன்னொரு ஒன்பது வருடம். எனக்கு ஐம்பத்தாறு.

1 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து காருக்குள் இருந்தபடியே யூட்டுக்குப் போன் எடுத்தேன். இவரும் ஜனுஷாவும் வெளியில் நின்றார்கள்.

"உங்கட டீம் வரேல்லை எண்டு நவம்பரிலேயே சொல்லிப்போட்டாங்களாம்."

"ஓம்" என்றான்.

"பிறகேனடா கேட்டுக்கொண்டிருந்தனீ?"

"நீங்கள் லீவு எடுத்து வச்சிருந்தனீங்கள் அக்கா."

"ஏப்ரல் லீவு அப்பிடியே கிடக்கு. இன்னொருக்கா மாத்தினால் என்னை வேலையால கலைச்சுப்போடுவாங்கள். வா" என்றேன்.

"ரேஸ் இல்லாமலோ?"

"ரேஸ் நாசமாப் போகட்டும். நான் கூப்பிடுறன், வா."

4 ஏப்ரல், சனி

வந்துவிட்டான். தலை முழுக்க நரை. விமான நிலையத்தில் இரண்டு பேரும் அழவில்லை, பார்க்கிங் டிக்கெட்டைத் தேடினோம்.

8 ஏப்ரல், புதன்

மாலை 4.10. சண்டை. காலையில் அவனை அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து இருந்தபிறகுதான், மெதுவாக, "நாலு நாள்தானே அக்கா கேட்டனான்" என்றான். எனக்கு எங்கிருந்து வந்ததோ. மண்டபம், சுவாமி, சிட்னி ஆட்கள், தனிய நிண்டு பாத்தது நான், உனக்கென்ன தெரியும் – முழுக்கக் கொட்டினேன். எழும்பினான், ஜாக்கெட்டை எடுத்தான், போய்விட்டான். போன் மேசையில் கிடக்கிறது.

4.50. காணவில்லை. ஜனுஷா காரில் தேவாலயம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இந்த வாயை என்ன செய்வது? ஒருதரம் துரத்தினது போதாதா? ஊராருடைய பல்லுக்கெல்லாம் திகதி மாற்றத் தெரிகிறது. மண்டபத்துக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். சுவாமியைக் கேட்டிருக்கலாம், மறுத்திருக்க மாட்டார். நான் கேட்கவேயில்லை. களைத்துப் போயிருந்தேன், எப்படியாவது முடியட்டும் என்றிருந்தேன். இதை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

5.10. இன்னும் இல்லை.

இரவு. ஐந்தரைக்குக் கதவு திறந்தது. கையில் இரண்டு லீட்டர் பால். சந்தி டெயரிக் கடையில் வாங்கியிருக்கிறான், திரும்பும்போது தெரு மாறிவிட்டதாம்.

"மாத்தியிருக்கலாம், யூட்" என்றேன். "நான் கேட்டே பாக்கேல்லை."

அவன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, "பால் முடிஞ்சிருந்தது. தேத்தண்ணி போடட்டோ?" என்றான்.